எட்டுப் போடத் தேவையில்லாத வண்டி

திண்டுக்கல் ஆர்டிஓ ஆபீஸ் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஓர் எட்டு வரைந்திருக்கும். மொபெட்டில் ஏறி, காலைத் தரையில் ஊன்றாமல் அந்த எட்டைச் சுற்றி வந்துவிட்டால் லைசென்ஸ். ஊன்றினால் அடுத்த மாதம் வா என்பார்கள். நான் மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் ஊன்றினேன். நேர்ச்சாலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. எட்டின் நடுவில் இரண்டு வளைவும் சந்திக்கிற இடத்துக்கு வந்ததும் என் இடது கால் என்னைக் கேட்காமலே இறங்கிவிடும். சாலையில் எவன் எட்டுப் போட்டுக்கொண்டு போகிறான் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. மூன்றாம் தடவை பிரேக் இன்ஸ்பெக்டர் என் தாளை மடித்துக்கொண்டே, பஸ் ஓடுகிற ஊரில் பொம்பளைக்கு எதற்கு இந்த வீராப்பு என்று கேட்டார். பஸ் ஓடுகிறது என்பது எனக்கும் தெரியும். மத்தியானத்தில் ஓடவில்லை என்பதுதான் அவருக்குத் தெரியாது.

எங்கள் வீடு குஜிலியம்பாறை போகிற பக்கம், டவுனிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, மழையை நம்பியிருக்கும் ஒரு சின்ன ஊரில் இருந்தது. எனக்கு வேலை பேகம்பூரில் ஒரு மருந்துக் கடையில். வீட்டில் என் கணவர் படுக்கையில் இருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில், சின்ன வெங்காய மூட்டையை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனவரை பைபாஸில் ஒரு லாரி தட்டிவிட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிற்று. கைகள் மட்டும் மிச்சம், அவற்றிலும் பாதி பலம்தான். நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்: ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை. எங்கள் ஊரில் மொபெட்டுக்கெல்லாம் யார் லைசென்ஸ் எடுத்தார்கள்? அது கோர்ட்டுக்குத் தெரியுமா? வழக்கு இழுத்து இழுத்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து லைசென்ஸ் இல்லாமல் ஒரு வண்டியையும் ஓட்டுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். சூடு கண்ட பூனை நான்.

மாமியார் இருந்தவரை பகலில் என் கணவரைப் பார்த்துக்கொண்டார். மாமியார் போன பிறகுதான் இந்த மத்தியானம் என்பது என் கழுத்தைப் பிடித்தது. அவருக்கு மூத்திரம் டியூப் வழியாக ஒரு பையில் இறங்கும். பை நிறைவதற்குள் ஊற்றிவிட வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா பத்து மணி வாக்கில் எட்டிப் பார்த்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவார். களையெடுக்கிற நாளிலும் அதற்காகவே வரப்பிலிருந்து ஏறி வருகிறவர், அவரிடம் அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. ஆக மத்தியானம் நான் வந்தே ஆக வேண்டும். பஸ்ஸோ காலையில் ஒன்று, அடுத்தது மூன்று மணிக்கு. டவுனிலேயே வீடு பிடிக்கலாம் என்று அலைந்தேன். படுத்த படுக்கையாக ஓர் ஆள் என்று சொன்னதும், அதுவரை சிரித்துப் பேசிய வீட்டுக்காரர்களுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வர ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்ச நாள் பால் வேன், செங்கல் லாரி, கோழி ஏற்றுகிற வண்டி என்று கையைக் காட்டி ஏறிப் போனேன். சில நாள் ஒன்றும் கிடைக்காது. அந்த நாட்களில் கடையில் நிற்கும்போதே என் முதுகு எரியும்.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. ஒரு நாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கரண்டில் ஓடுகிற ஸ்கூட்டர் வந்திருக்கிறதாம், அதற்கு லைசென்ஸே வேண்டாமாம் என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. பாய் என்னைக் கையோடு ஷோரூமுக்கு அழைத்துப் போனார். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். அங்கே டை கட்டிய பையன் ஒருவன் அரசாங்கமே இறங்கி வந்து பேசுவது போலப் பேசினான். புகை கிடையாது, பெட்ரோல் கிடையாது, வரி குறைவு. வேகம் இருபத்தைந்துக்குள், மோட்டார் பலம் இவ்வளவுக்குள் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வண்டியே இல்லை, சைக்கிள் கணக்கு. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். எட்டு போட வேண்டாமா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. நான் திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். பாய்க்குப் புரிந்தது, அவர் பதில் சொன்னார்.

"எட்டும் வேணாம், பதினாறும் வேணாம்மா. ஏறி உக்காந்து போக வேண்டியதுதான்."

அரசாங்கத்தை என் வாழ்நாளில் நான் வாயார வாழ்த்தியது அந்த ஒரு நாள்தான். இப்படிப்பட்டவளும் ஒருத்தி இருப்பாள் என்று டெல்லியில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அவர்கள் யோசித்தது புகையைப் பற்றி. எனக்கு அதனால் என்ன? பாய் முன்னால் நின்று தவணைக்கு ஏற்பாடு செய்தார், வண்டி வீட்டுக்கு வந்தது.

ஓர் எட்டு மாதம் நன்றாக இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டரைக்குக் கடையிலிருந்து கிளம்பினால் ஒரு மணிக்கு வீடு. பையை ஊற்றி, அவரைத் திருப்பிப் போட்டு, முதுகைத் துடைத்து, சோறும் வெஞ்சனமும் எடுத்து வைத்து, நானும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, இரண்டரைக்குக் கடையில் இருப்பேன். வண்டிக்குச் சத்தம் என்பதே கிடையாது. சாலையில் படுத்திருக்கும் நாயும் எருமையும் நான் பக்கத்தில் போகும்வரை எழாது. டீக்கடையில் இருப்பவர்கள் அதற்கு அயர்ன் பாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சரிவில் வேகமெடுத்த சைக்கிள்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், சைக்கிள்காரனுக்குக் கால் வலிக்கும். ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்தி நம்பர் பிளேட்டைத் தேடிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். சட்டப்படி இது சைக்கிள் என்று நான் சொன்னபோது, என்னைவிட அவருக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

பிறகு கரண்ட் போக ஆரம்பித்தது.

முதலில் ஒரு மணி நேரம் என்றார்கள். அப்புறம் இரண்டு. டவுனுக்கு ஒரு கணக்கு, கிராமத்துக்கு ஒரு கணக்கு. கிராமத்துக் கணக்கு எப்போதுமே கூடுதல். அறிவித்த நேரம் ஒன்று, நிறுத்துகிற நேரம் வேறு. கரண்டில் ஓடும் வண்டி வாங்கு என்று சொல்வது ஓர் அரசாங்கம், கரண்டை நிறுத்துவது இன்னோர் அரசாங்கம் என்று பாய் சொல்வார். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. ஒரே வீட்டில் ஒருவன் விருந்துக்குக் கூப்பிடுகிறான், மற்றவன் அடுப்பை அணைக்கிறான். பசி என்னவோ விருந்தாளிக்குத்தான்.

வண்டிக்கு முழுதாகச் சார்ஜ் ஏற ஏழெட்டு மணி நேரம் வேண்டும். ராத்திரியில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அதிகாலையில் வரும், எட்டு மணிக்குப் போய்விடும். கடையில் போட்டுக்கொள்ளச் சொல்லி பாய் ஒரு பிளக்கையே எனக்கென்று ஒதுக்கினார், ஆனால் பேகம்பூரில் நிறுத்துகிற நேரம் சரியாகப் பத்திலிருந்து பன்னிரண்டு. அது அடுத்த மாதம் மாறும் என்றார்கள். மாறியபோது வீட்டில் நிறுத்துகிற நேரமும் சேர்ந்து மாறியது.

எங்கள் பங்காளி ஒருவர், கிணற்று மோட்டார் ரூமில் போட்டுக்கோ என்றார். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம், தனியாகவும் விடுவார்கள். அந்தக் கிணற்றில் நான்கு வருஷமாகத் தண்ணீர் இல்லை, கரண்ட் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு நாள் போட்டேன். மூன்றாம் நாள் லைன்மேன் வந்து, தண்ணீர் இறைக்கத்தான் அது இலவசம், வண்டிக்குப் போட்டது மேலே தெரிந்தால் பங்காளியின் சர்வீஸையே பிடுங்கிவிடுவார்கள் என்றார். நல்ல மனுஷன், அதட்டாமல்தான் சொன்னார். தண்ணீரே இல்லாத கிணற்றில் இறைப்பதற்குக் கரண்ட் உண்டு, எனக்கு இல்லை. நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பங்காளி பாவம், மழை பெய்தால் அவருக்கு அந்த மோட்டார் வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன்.

சார்ஜரை என் கணவரின் கட்டில் பக்கத்தில்தான் வைத்திருந்தோம். அதில் ஒரு சின்ன விளக்கு. ஏறிக்கொண்டிருந்தால் சிவப்பு, முடிந்தால் பச்சை. அந்த விளக்கைப் பார்ப்பது அவருடைய வேலை ஆயிற்று. படுத்த இத்தனை வருஷத்தில் அவருக்கென்று கிடைத்த முதல் வேலை. வெளியே அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும் என்னிடம் உள்ளிருந்து குரல் கொடுப்பார். கரண்ட் வந்திருச்சு புள்ள. போயிருச்சு புள்ள. பச்சை என்று அவர் சொல்லும் நாட்களில் அந்தக் குரலே வேறாக இருக்கும், சம்பளம் வாங்கி வந்தவர் மாதிரி. நாளாக ஆகப் பச்சை அரிதாகிவிட்டது. பாதிச் சிவப்பிலேயே பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அரைகுறையாக ஏற்றி ஏற்றி பேட்டரியும் தளர்ந்து, முழுதாக ஏறின நாளில்கூட நாலு நடை தாங்கவில்லை. கேட்கலாம் என்று ஷோரூமுக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. கிழிந்த பலூன் ஒன்று நூலோடு வாசலில் தொங்கியது. பக்கத்துக் கடைக்காரர், அவர்கள் போய் ரொம்ப நாள் ஆச்சு என்றார். அந்த வாசலிலேயே உட்கார்ந்து நான் அழுதேன். யார் பார்த்தார்கள் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் எனக்கு ஒரே கணக்குத்தான்: இன்றைக்கு மத்தியானம் வந்து திரும்புவதற்குச் சார்ஜ் காணுமா? காணாது என்று தெரிந்தால் போகும்போது சரிவில் சுவிட்சை அணைத்து உருட்டிக்கொண்டு போவேன். சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கனம் என்று குறைத்தேன். சாமி கும்பிடும்போது கரண்டை நேரம் சொல்லி வேண்டிக்கொள்கிறவளாக ஆகிவிட்டேன். அந்தக் கோடையில் ஒரு நல்ல விஷயம்போலத் தெரிந்தது ஒன்றுதான். மத்தியானம் போகும்போது பை நிறைந்திருப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஊற்றிவிட்டுப் போனதாக என் கணவர் சொன்னார். அக்கா இவ்வளவும் செய்கிறாரே என்று பொங்கலுக்கு அவருக்குச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

சித்திரை கடைசியில் ஒரு நாள், மத்தியானம் வீட்டுக்கு வரும்போது, ரயில்வே பாலத்து மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பேட்டரியும் சேர்ந்து அது ஒரு கன்றுக்குட்டி கனம். தள்ளினேன். தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒரு செருப்பு வாரறுந்தது, அதைக் கூடையில் போட்டுவிட்டுத் தள்ளினேன். லாரிக்குக் கையைக் காட்டினேன், வண்டியோடு சேர்த்து ஏற்ற மாட்டேன் என்றான். வண்டியை விட்டுவிட்டு ஏறியிருக்கலாமே என்று பிற்பாடு பலரும் கேட்டார்கள். விட்டுவிட்டால் நாளை மத்தியானத்துக்கு யார் வருவது?

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நாலு மணி இருக்கும். கரண்ட் வந்திருந்தது, பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. தகரக் கூரை போட்ட அறை அது. உள்ளே போனதும் அனல் முகத்தில் அடித்தது. அவர் உதடெல்லாம் வெடித்து, கண் செருகிக் கிடந்தார். தொட்டால் கொதிக்கிறது. பையில் ஒரு கையளவுகூட இல்லை, இருந்ததும் கடுங்காப்பி நிறம். அவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஃபேனுக்குத் தொங்கு சுவிட்ச் ஒன்று போட்டிருந்தோம். அது அவர் கைக்குள்ளேயே இருந்தது, அணைத்தபடி.

நான் ஃபேனைப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். பையை ஊற்றினீர்களா, தண்ணீர் கொடுத்தீர்களா என்று கத்தினேன். அக்கா பயந்துபோய், பையை நான் தொட்டதே இல்லையே என்றார். தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், மெல்லக் குடித்துக்கொள்கிறேன் என்று அவர்தான் சொல்வார் என்றார். கட்டிலை ஒட்டிய ஜன்னலைப் பார்த்தேன். அதற்கு வெளியே, அந்தக் காய்ந்த மண்ணில், உள்ளிருந்து சொம்பைக் கவிழ்த்தால் தண்ணீர் விழுகிற ஒரே ஒரு இடத்தில் மட்டும் குப்பைக்கீரை பச்சையாக முளைத்திருந்தது.

தண்ணீரை ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். செத்த நேரம் கழித்துக் கண் திறந்தார். ஏங்க இப்படிச் செஞ்சீங்க என்று கேட்டேன். அவர் குரல் வெளியே வரவே கஷ்டப்பட்டது.

"பழகிக்கிட்டு இருந்தேன் புள்ள. தண்ணி குடிக்கலைன்னா பை ரொம்பாது. மத்தியானம் நீ வர வேண்டியதில்ல. ரெண்டு நடைக்குச் சார்ஜு காணும்ல. நல்லா பழகிட்டு உங்கிட்டச் சொல்லுவோம்னு இருந்தேன்."

ஃபேன் எதற்கு அணைத்தீர்கள் என்றேன். வண்டி சார்ஜில் இருக்கும்போது ஃபேன் ஓடினால் அது இழுத்துக்கொள்ளும், விளக்கு பச்சைக்கு வராது என்றார். அதனால்தான் காலையில் நான் வெளியே அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் அணைத்துவிடுவாராம், நான் உள்ளே வரும் சத்தம் கேட்டால் போட்டுக்கொள்வாராம். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம்தான் அது. வோல்டேஜ் இல்லாத ஊரில் மிக்ஸி ஓட வேண்டுமென்றால் டிவியை நிறுத்துவோம், டிவி தெரிய வேண்டுமென்றால் ஃபேனை நிறுத்துவோம். வண்டிக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல அவரிடம் யாரும் வரவில்லை. இன்றைக்கு வண்டி இங்கே இல்லையே, இன்றைக்கு ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டேன். நீ வந்ததும் வண்டியைச் சார்ஜில் போடுவாய் அல்லவா, அதற்குள் வயரில் கரண்ட் சேர்ந்து இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வாயிலிருந்து வந்தது. கட்டிலில் தலையை முட்டிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் மூத்திரத்தில் கிருமி, அது கிட்னிக்கு ஏறியிருக்கிறது என்றார்கள். பாய் மருந்துகளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வார்டிலும் கரண்ட் போகும். போனதும் என் கணவர் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பார், வந்ததும் என்னைப் பார்ப்பார். வண்டியைப் போட்டியா என்று கேட்பார். போட்டேன் என்பேன். வண்டி எங்கே இருந்தது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் இப்போது குடித்தார், நான் சொன்னபடியெல்லாம் கேட்டார். உடம்புதான் கேட்கவில்லை. கடைசிக்கு முந்தின நாள், பச்சை வந்துருச்சு புள்ள, எடுத்துட்டுப் போ என்றார். எதைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. அங்கே பச்சையாக ஒன்றுமே இல்லை.

ஆடி பிறந்து சில நாளில் போய்விட்டார்.

பிற்பாடு ஒரு நாள், புதிதாக மின்சார வண்டி வாங்குகிறவர்களுக்கு மானியம் கொடுக்கப்போகிறார்களாம் என்று பேப்பரில் வந்தது. பாய் அந்தப் பக்கத்தை மடித்துத் தனக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார், நான் பார்த்துவிடக் கூடாது என்று. நான் காலையிலேயே பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தோள்வழியாகப் படித்துவிட்டிருந்தேன். பழைய வண்டிக்கு பேட்டரி மாற்ற ஏதாவது உண்டா என்றுதான் தேடினேன். இல்லை. இருந்தாலும் இனி எதற்கு என்பது தேடி முடித்த பிறகுதான் உறைத்தது.

அதற்கடுத்த வருஷம் ஆர்டிஓ மைதானத்துக்கு மறுபடி போனேன். போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஏன் போனாய் என்று கேட்டால், ஒருவேளை அந்த எட்டின்மேல் எனக்கிருந்த கோபமாக இருக்கலாம். பாயின் மகளுடைய மொபெட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நடுவளைவு வந்தது, போயிற்று. கால் இறங்கவில்லை. இறங்காத காலை நான் குனிந்து பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வேறு ஆள். நல்லா ஓட்டுறீங்களேம்மா, இம்புட்டு நாளா ஏன் வரலை என்று கேட்டார்.

லைசென்ஸ் தபாலில் கடை விலாசத்துக்கு வந்தது. பாய் கவரைப் பிரித்து என் கையில் கொடுத்தார். கடையில் கூட்டம் இருந்தது, யாரோ இருமல் மருந்து கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். பன்னிரண்டரை ஆனதும், பழக்க தோஷத்தில், பாய் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணியாச்சு, கிளம்பும்மா" என்றார். சொன்னவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் உள்ளே போய், சொம்பில் தண்ணீர் மொண்டு, நின்றபடியே முழுவதையும் குடித்தேன்.